சம்பந்தியின் சட்டை

பாம்பு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பரமசிவம் கத்துவதை நிறுத்திவிட்டார். அதற்கு முன்பெல்லாம் உறையூர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் அவர் செய்தித்தாளைத் தேடினால், அது காணவில்லை என்கிற விஷயம் கீழே வாசல் காவலாளிக்குத் தெரிந்துவிடும். இப்போது அதே பேப்பரை அவர் கோயிலில் இரண்டாவது தடவை சுண்டல் கேட்பவரைப் போலக் கேட்டார்.

"வசு, பேப்பர் எங்கயாவது பாத்தியாம்மா?"

"இதோங்க."

கல்யாணமான நாளிலிருந்து வசுமதி அந்தப் பேப்பரை எடுத்துக் கையில் கொடுத்தது அதுதான் முதல் முறை.

மகள் தாரிணி இந்த நாடகத்தை ஒன்றரை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காக நாடகம் நடந்ததோ அவர் கூடத்து மூலையில் கண்ணாடித் தொட்டிக்குள் சுருண்டு படுத்திருந்தார். சாம்பல் நிறம், கட்டைவிரல் பருமன், விஷம் கிடையாது. கல்யாணத் தரகர் அருணகிரி கொண்டுவந்து வைத்தபோது தொட்டியில் ஓர் எண் மட்டும்தான் ஒட்டியிருந்தது. சம்பந்தி என்று பெயர் வைத்தவர் பரமசிவம்தான். "வேற யார் முன்னாடி நாம இவ்வளவு அடக்க ஒடுக்கமா இருக்கோம்?" என்று காரணமும் சொன்னார். பெயர் விழுந்த பிறகு 'அது' என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சம்பந்தி சாப்பிட்டாரா, சம்பந்திக்குத் தண்ணீர் மாற்றியாயிற்றா என்றே வீட்டில் பேச்சு நடந்தது. "உங்க பேருக்கு ஏத்த மாதிரி ஒரு தடவ கழுத்துல போட்டு போட்டோ எடுத்துக்கலாமே" என்று தரகர் சொன்னதும் பரமசிவம் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்தப் பாம்புகளைக் கல்யாணத்துக்காக யாரும் உருவாக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் கிடக்கும் நோயாளிகள் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் உருவாக்கினார்கள். பாம்பு நாக்கை நீட்டிக் காற்றை ருசி பார்க்கும். பயந்த உடம்பின் வியர்வைக்கு ஒரு ருசி, கோபத்துக்கு ஒரு ருசி. ருசித்ததெல்லாம் தோலில் கறுப்புக் கோடாக இறங்கும்படி ஆய்வுக்கூடத்தில் மரபணுவைத் திருத்திவிட்டார்கள். பாம்பு சட்டை உரித்ததும் அதை விரித்துப் பார்த்தால், அந்த அறையில் இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

நம் ஊரில் எந்தக் கண்டுபிடிப்பும் கடைசியில் தேர்தலுக்குப் போகும், இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு வரும். கட்சி அலுவலகத்தில் வைத்தால் பாம்பு தாங்காது என்று ஆய்வுக்கூடமே கைவிரித்துவிட்டதால், இது கல்யாணத்துக்கு வந்தது. ஜாதகம் பொருந்திய பிறகு பெண் வீட்டில் ஒரு பாம்பு, பிள்ளை வீட்டில் ஒரு பாம்பு. இரண்டும் ஒருமுறை சட்டை உரித்ததும் தோலை மாற்றிக்கொள்வார்கள். தோல் வெளுப்பாக இருந்தால் அமைதியான குடும்பம். கறுப்பாக இருந்தால், "பொண்ணுக்கு இன்னும் வயசிருக்கு, பாப்போம்" என்று பதில் வரும். தோல் தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாக இருக்கவேண்டும். நனைந்திருக்கக் கூடாது, நனைந்தால் கோடு கரைந்துவிடும். கிழிந்த தோலும் நனைந்த தோலும் எதையோ மறைக்கிற வீட்டுத் தோல்.

போன வருடம் தாரிணிக்கு வந்த வரன் இப்படித்தான் போயிற்று. அப்போது வந்த பாம்பின் கழுத்தோரம் ஒரு பட்டைக் கோடு. "உங்க வீட்ல யாருக்காவது கொஞ்சம் கோபம் வருமோ?" என்று பிள்ளையின் அப்பா போனில் பணிவாகத்தான் கேட்டார். "யாருக்குய்யா கோபம்?" என்று பரமசிவம் திருப்பிக் கேட்ட கேள்வியில் அந்தச் சம்பந்தம் முடிந்தது.

இந்த முறை அவர் திட்டமிட்டார். கோபத்துக்குக் காரணம் வெயில் என்று முடிவுகட்டி, பாம்பு வந்த அன்றே ஏசியைப் போட்டவர் இன்னும் அணைக்கவில்லை. சித்திரை மாதத் திருச்சியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் மார்கழி நடந்தது. வசுமதி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு புன்னகைத்தாள்.

தாரிணிக்கு முப்பத்தொன்று. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் லேபில் வேலை. வரன் பார்ப்பதில் அவளுக்கு ஆர்வம் போய் நாளாகிவிட்டது. ஆனால் இந்த வரன், கரூர் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் இளம்பரிதி, முதல்முறை போனில் பேசியபோது மறுமுனையில் கடக் முடக்கென்று ஏதோ சத்தம் கேட்டது.

"என்னங்க சத்தம்?"

"முறுக்கு. சாரிங்க, நிறுத்திடறேன்."

"வேணாம், சாப்பிடுங்க."

அவர் நிஜமாகவே சாப்பிட்டார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை பேசினார்கள். இது நடந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா இன்னும் சாந்தமாகிவிடுவார், அதைப் பார்க்கத் தாங்காது.

தரகர் வெள்ளிக்கிழமை வந்து தோலை வாங்கிப்போவதாக ஏற்பாடு. சம்பந்திக்கு முந்தின வாரமே கண்ணில் பால் பூத்து, பிறகு தெளிந்திருந்தது. கண் தெளிந்தால் இரண்டொரு நாளில் சட்டை கழன்றுவிட வேண்டும். கழலவில்லை. புதன்கிழமை தாரிணி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது, அவர் உடம்பு பழைய சுவரில் பெயிண்ட் உரிந்த மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது. மூக்கு, கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துச் சிவந்து போயிருந்தது. வால் நுனிக்குச் சற்று மேலே காய்ந்த தோல் ஒரு வளையமாக இறுகி, அதற்குக் கீழே வால் ஊதியிருந்தது.

"தேங்கா எண்ண தடவுனா வழுக்கிக்கிட்டு வந்துடும்," என்றாள் வசுமதி.

"தொடாத. தோல்ல கறை பட்டா செல்லாது," என்றார் பரமசிவம் மிக மென்மையாக.

தாரிணி கால்நடை மருத்துவர் ஹபீபாவுக்கு வீடியோவில் போன் போட்டாள். கல்யாணப் பாம்புகளுக்கென்றே திருச்சியில் இருந்த ஒரே டாக்டர். பின்னால் கூண்டுகளும், ஒரு கூண்டின் மேல் பாதி சாப்பிட்ட பிரியாணிப் பொட்டலமும் தெரிந்தன.

"வாலக் காட்டுங்க. இன்னும் கிட்ட. ம். வீட்ல ஏசி ஓடுதா?"

"ஆமா டாக்டர்."

"எவ்வளவு நேரம்?"

"ஒன்றர மாசமா."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "ஏங்க எல்லாரும் இதையே பண்றீங்க? காத்துல ஈரம் இருந்தாத்தான் அதுக்குச் சட்டை கழலும். நீங்க காய வெச்சு அப்பளம் ஆக்கிட்டீங்க. கோபம் வரக் கூடாதுன்னு ஏசியப் போடறீங்க, பாம்பு இங்க வருது. முகூர்த்த மாசம் வந்தா எனக்குத் தூக்கமே கெடையாது, வரிசையா கண்ணு போனது, வால் அழுகுனது."

"இப்ப என்ன பண்ணணும்?"

"மொதல்ல ஏசிய நிறுத்துங்க. மூடி போட்ட டப்பால வெதுவெதுன்னு தண்ணி. கையை வெச்சா சுடவும் கூடாது, ஜில்லுன்னும் இருக்கக் கூடாது. அது வயிறு நனையற அளவுக்கு ஊத்துனாப் போதும். மூடியில ஓட்டை போட்டு அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் ஈரத் துண்டக் கையில தளர்வாப் பிடிச்சு, அது நடுவுல ஊர்ந்து போக விடுங்க. உரிக்கிற வேலைய அதுதான் செய்யணும், நீங்க இழுக்கக் கூடாது. கண்ணு மேல ஏதாவது ஒட்டியிருந்தா விட்டுடுங்க, அடுத்த தடவ வந்துடும். நோண்டுனா கண்ணு போயிடும். எண்ண, வாசலின் ஒண்ணும் வேணாம்."

வசுமதி எண்ணெய்க் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நனைக்காம முடியாதா டாக்டர்?" பரமசிவம் தலையை நீட்டினார். "வெள்ளிக்கிழம தரகர் வர்றார். நனைஞ்ச தோலு செல்லாதே."

"வெள்ளிக்கிழம வரைக்கும் வெச்சிருந்தா வால் போயிடும் சார். அந்த வளையம் ரத்தத்த நிறுத்திடுச்சு. வாலோட நின்னா அதிர்ஷ்டம். இல்லன்னா உயிரே போயிடும். உங்க இஷ்டம்."

போன் நின்றது. கூடத்தில் ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"பாப்பா," என்றார் பரமசிவம். "இன்னும் ரெண்டு நாள்தானே? தரகர் வந்து தோல எடுத்துட்டா, அப்புறம் டாக்டர் எப்படிச் சொல்றாங்களோ அப்படி."

"ரெண்டு நாள்ல வால் இருக்காதுப்பா."

"அது பாம்பும்மா. உனக்கு வாழ்க்கை."

தாரிணி சம்பந்தியைப் பார்த்தாள். அவர் மூக்கைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்துவிட்டு, நிறுத்தி, மறுபடி தேய்த்தார். அந்த முறுக்குச் சத்தம் அவளுக்கு ஒரு கணம் நினைவுக்கு வந்தது. பிறகு எழுந்து ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தாள்.

"அம்மா, தீபாவளி முறுக்கு டப்பா எங்க இருக்கு? பெரிசு."

வீட்டில் குளியலறைதான் சீக்கிரம் ஈரமாகும் இடம். கெய்சரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். டப்பாவில் தண்ணீர் ஊற்றி, சம்பந்தியை இரண்டு கைகளாலும் தாங்கி இறக்கி, சூடான கம்பியால் ஓட்டை போட்ட மூடியை மூடினாள். அவள் கதவைத் திறக்கக் கூடாது என்றதால், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த இருவரும் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். பரமசிவம் கவிழ்த்த பக்கெட்டின் மேல், வசுமதி துணி துவைக்கும் கல்லின் மேல், நடுவில் முறுக்கு டப்பா. ஆவியில் மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"இந்த சம்பந்தம் போச்சு," என்றார் பரமசிவம்.

"போகட்டும்."

"என்ன போகட்டும்? ஒன்றர மாசமா வாயைக் கட்டி வயித்தக் கட்டி உக்காந்திருக்கேன்."

"நான் மட்டும்?" என்றாள் வசுமதி. "பல்லு தெரிய சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தாடை வலி வந்துடுச்சு. உங்க பேப்பர எடுத்து எடுத்துக் குடுத்தேன்."

"பேப்பர் குடுத்தா பெரிய தியாகமா?"

"எனக்குப் பெருசுதான். என் வண்டிய நீங்க கேக்காம உங்க தம்பிக்குத் தூக்கிக் குடுத்தீங்களே, அதுலேர்ந்து எனக்கு எல்லாமே பெருசுதான்."

பரமசிவம் பக்கெட்டிலிருந்து பாதி எழுந்தார். "எந்த வண்டி?"

"எந்த வண்டியா! என் மொபெட்டு! ஸ்கூல்ல பாடம் நடத்த நானே ஓட்டிட்டுப் போவேன். பாப்பா பொறந்து எழுந்து வந்து பாத்தா வண்டிய காணோம். தம்பி எடுத்துட்டுப் போயிருக்கான்னீங்க. இன்னும் எடுத்துட்டுத்தான் போயிருக்கான்."

"அது பஞ்சராக் கெடந்துச்சு!"

"பஞ்சர்னா ஒட்டணும்! தூக்கிக் குடுப்பாங்களா?"

"மெல்லடி, சம்பந்தி காதுல விழும்!"

"பாம்புக்கு ஏதுங்க காது?" வசுமதி கத்தியதில் ஷவர் குழாய் அதிர்ந்தது. "நீங்க கேட்டா போதும்! இத்தன வருஷத்துல ஒரு தடவ கேட்டா போதும்!"

பரமசிவமும் கத்தினார். வண்டியில் ஆரம்பித்து, தம்பி, தம்பி மனைவி, நாத்தனார் வளைகாப்பு, ஒருமுறை ரசத்தில் விழுந்த பல்லி என்று வரிசையாகப் போனது. தாரிணி அதற்குள் மூடியைத் திறந்து, ஈரத் துண்டைக் கையில் சுருட்டி, சம்பந்தியின் தலையை அதற்குள் விட்டிருந்தாள். அவர் மெதுவாக உள்ளே போனார். மறுபக்கம் மூக்கு வெளியே வந்தபோது உதட்டோரம் தோல் விலகியிருந்தது. அடுத்த சுற்றில் அது காலுறையைக் கழற்றுவதுபோல உள்பக்கம் வெளியாக மடிந்து பின்னால் நகர்ந்தது. பாதி உடம்பில் நின்று, கிழிந்தது.

"கிழிஞ்சிடுச்சு," என்றாள்.

யாரும் கேட்கவில்லை. பல்லி விழுந்தது ரசத்திலா சாம்பாரிலா என்பது அங்கே முடிவாகவில்லை.

மறுபடி டப்பா, மறுபடி துண்டு. வால் வளையம் கடைசிவரை பிடிவாதம் பிடித்தது. தாரிணி லேபில் பல் செட்டின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பதுபோல் ஈரத் துணியால் அதைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். இழுக்கவில்லை. ஒரு நேரத்தில் அது நெகிழ்ந்து, சம்பந்தியே முன்னால் நகர்ந்து, நழுவி வந்துவிட்டது. புதுத் தோலில் அவர் கழுவிய கத்தரிக்காய் போல மினுமினுத்தார். கண் தெளிவாக இருந்தது. வால் நுனி கறுக்கவில்லை.

அப்போதுதான் மூவரும் டப்பாவைப் பார்த்தார்கள். தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. அவ்வளவு சாயம் போன பிறகும் இரண்டு துண்டுத் தோலும் நெருக்கமாகக் கோடு கோடாகக் கறுத்துக் கிடந்தன.

"இவ்வளவுமா நாம?" என்றாள் வசுமதி.

மறுநாள் டாக்டர் ஹபீபா வாலைப் பார்த்துத் திருப்தியாகி, தோலையும் காட்டச் சொன்னார்.

"ரொம்ப சண்டையா வீட்ல?"

"நேத்துதான் டாக்டர். அதுக்கு முன்னாடி ஒன்றர மாசம் சிரிச்சுக்கிட்டே இருந்தோம். போன வருஷம் கத்திக்கிட்டுத்தான் இருந்தோம், ஒரே ஒரு கோடுதான் விழுந்துச்சு."

"அதான். கத்துனா கொட்டித் தீந்துடும், கொஞ்ச நேரத்துல உடம்பு சாதாரணமாயிடும். உள்ள வெச்சு அடக்குனா அது வாசனையா வந்துக்கிட்டே இருக்கும். பாம்பு அதத்தான் தின்னுட்டு இருந்திருக்கு. போன வருஷம் ஒரே ஒரு கோடுன்னீங்கல்ல? அப்ப யாரும் நடிக்கல போல."

"அப்ப கோடே இல்லாத தோலு யார் வீட்ல வரும்?"

"கோடே இல்லாமலா?" டாக்டர் சிரித்தார். "சிரிச்சாக்கூட மெல்லிசா ஒண்ணு விழும். கோடே இல்லன்னா அந்தப் பாம்பு இருந்த எடத்துல மனுஷங்களே இல்லன்னு அர்த்தம்."

வெள்ளிக்கிழமை அருணகிரி நெற்றி நிறையக் குங்குமமும் கையில் வெல்வெட் உறை போட்ட குழாயுமாக வந்தார். முதலில் பிள்ளை வீட்டுத் தோலை மேசையில் விரித்தார். வெள்ளை. தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாக, மல்லுத்துணி போல வெள்ளை. ஒரு கீற்றுகூடக் கிடையாது.

"என்ன குடும்பம்யா!" என்றார் பரமசிவம்.

தாரிணி குனிந்து பார்த்தாள். தேடிப் பார்த்தாள். முறுக்கு தின்றதற்காவது ஒரு கோடு இருக்க வேண்டும். இல்லை. தன் வீட்டுத் தோலைக் கொண்டுவந்து வைத்தாள்.

தரகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ரெண்டு துண்டு. ஈரம் வேற பட்டிருக்கு. இது செல்லாதுங்களே. பாம்பையும் கம்பெனி திரும்ப எடுக்காது, நீங்கதான் வெச்சுக்கணும்."

"பாப்பா," பரமசிவம் குரலைத் தாழ்த்தினார். "நீதான் பல்லே செய்வியே. உன் லேப்ல வெச்சு ஒட்டி, வெளுத்து..."

செய்திருக்கலாம். நல்ல பிசின் இருந்தது, வெண்மையாக்கும் திரவமும் இருந்தது. ஒரு மதியம் போதும்.

"பொய்ப்பல்லு போட்டவருக்கு அது பொய்ப்பல்லுன்னு தெரியும்ப்பா," என்றாள் தாரிணி. "அவருக்குத் தெரியாம மாட்ட மாட்டோம்."

தரகர் எழுந்தார். வசுமதி அவரை நிறுத்தி, அந்த இரண்டு துண்டுகளையும் வெல்வெட் உறைக்குள் தானே வைத்தாள். "எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. எங்க வீடு இப்படித்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலை தாரிணியின் போன் அடித்தது. இளம்பரிதி.

"உங்க தோல் வந்துச்சுங்க. அம்மா வேணாம்னுட்டாங்க."

"தெரியும்."

"எங்க தோலப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"எங்கம்மாவுக்குப் பாம்புன்னா பயம். பயந்தா கோடு விழும்னு தரகர் சொன்னார். அதனால அத மொட்டமாடி ரூம்ல பூட்டிட்டு, நாங்க எல்லாரும் லாலாபேட்டைல சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டோம். வாட்ச்மேன் ஜன்னல் வழியா எலி போட்டார். தோல எடுக்கத்தான் திரும்பி வந்தோம். அது எங்க வீட்டுத் தோலே இல்லங்க. ரூமோட தோலு."

தாரிணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"உங்களுது கிழிஞ்சு, நனைஞ்சு இருந்துச்சு. அம்மா எதையோ மறைக்கிறாங்கன்னு சொன்னாங்க. மறைக்கிறவங்க இவ்வளவு கறுப்ப அனுப்புவாங்களான்னு நெனச்சேன். அப்புறம் வால் கிட்ட ஒரு வளையம் மட்டும் கிழியாம முழுசா வந்திருந்துச்சு. யாரோ பாத்துப் பாத்து எடுத்த மாதிரி." அவர் தயங்கினார். "அந்தப் பாம்பு நல்லாருக்குங்களா?"

இதுவரை எத்தனையோ பேர் தோலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பாம்பைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"நல்லாருக்கார்," என்றாள். "நேத்து எலி சாப்பிட்டார்."

"சாப்பிட்டாரா?"

"அவர் பேர் சம்பந்தி."

மறுமுனையில் ஒரு மூச்சு நின்று, சிரிப்பாக வந்தது. "உங்க வீட்ல ஏதோ சத்தம் கேக்குதே?"

சமையலறையில் பரமசிவமும் வசுமதியும் இருந்தார்கள். மொபெட்டைத் தம்பியிடமிருந்து திரும்ப வாங்கி வந்தே தீருவேன் என்று அவர் கத்த, துருப்பிடித்ததை வைத்து நான் என்ன செய்வது, புதுசு வாங்கித் தா என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஏசி இல்லை, ஜன்னல் திறந்திருந்தது. தொட்டிக்குள் சம்பந்தி தலையைத் தூக்கி, சமையலறைப் பக்கம் நாக்கை நீட்டி நீட்டி ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

தாரிணி போனைச் சமையலறை வாசலுக்குக் கொண்டுபோய், சத்தம் வரும் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

"கேளுங்க. பொருத்தம் நீங்களே பாத்துக்குங்க."

அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். பல்லி விழுந்தது சாம்பாரில்தான் என்று உள்ளே அப்பா மேசையைத் தட்டினார். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் காதில் வைத்தாள்.

மறுமுனையில், கடக் முடக்கென்று, முறுக்கு.